மலையில் நான் அடித்த இரண்டு மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரர் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடுவதாக இல்லை.

அவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டு ஒரு கம்பிக் கயிற்றின் முனையில் தொங்கும். அந்தக் கயிற்றைச் சுற்றும் இன்ஜினை ஓட்டுவதுதான் அவர் வேலை. மேலே ஒரு ஷெட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கேஜ் இறங்குகிற குழியும் தெரியாது, கேஜும் தெரியாது. மணி அடித்தால் ஓட்டுவார், மணி அடித்தால் நிறுத்துவார். கௌரவமான வேலை, குடியிருக்க குவார்ட்டர்ஸ். எனக்கு அது போதும். அவருக்குத்தான் போதவில்லை.

“டிரைவர்னு பேருதான் பெத்த பேரு. நாற்காலிய உட்டு ஒரு அடி நவுந்துகீறனா நானு?” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவார்.

இந்த நேரம் பார்த்து, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் மிலிட்டரி ஏலத்தில் ஒரு பிக்கப் வண்டியும், அதற்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லரும் எடுத்துப் போட்டிருந்தார். ஓட்ட ஆளில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “குடியாத்தத்துலேர்ந்து பொங்கல் பானை ஒரு லோடு கொண்டாந்து காட்டுப்பா. நல்லபடியா வந்துச்சின்னா வண்டிய உன் கையிலயே குடுத்துடறேன், என் சரக்கு மொத்தமும் நீயே ஓட்டு” என்று ஆசை காட்டிவிட்டார். மனுஷர் அன்றே வேலையை விடக் கிளம்பிவிட்டார்.

வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். நான் ருத்ர தாண்டவம் ஆடினேன். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்து நின்றோம். பானைகள் முழுசாக வந்து சேர்ந்தால் அவர் வேலையை விடலாம், நானே முன்னால் நின்று வீட்டைக் காலி செய்து தருவேன். உடைந்தால் லாரி, வண்டி என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது. தீர்ப்புச் சொல்லப்போவது நான் என்பதால் நானும் கூடவே வருவேன் என்றேன். குழந்தைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

குடியாத்தத்தில் சரக்கு ஏற்றும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைக்காரர் பானைகளோடு அம்மியும் ஆட்டுக்கல்லும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அடியில் கல், நடுவில் வைக்கோல், மேலே மண்பானைகள். அந்தக் கோபுரத்தைத் தாண்டிப் பின்னால் எதுவும் தெரியாது, யாராவது டிரெய்லரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நான்தான். சொல்லி அனுப்பத் தோதாக வண்டிக்குள் ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றை என் கையில் கொடுத்தார். அது எங்கள் வீட்டுப் பூஜை மணி. எப்போது எடுத்துப் பையில் போட்டாரோ தெரியாது.

“சாமி மணிய எடுத்து வண்டியில கட்டினா உருப்படுமாங்க?”

“சாமிக்கு நாளைக்கு ஆட்டிக்கலாம். ஏறு.”

எத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறியவளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒன்று அடித்தால் நிற்கணும், ரெண்டு அடித்தால் போகணும்.

பேர்ணாம்பட்டைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. வண்டி ஃபர்ஸ்ட் கியரில் முக்கி முனகிக்கொண்டு போனது. டிரெய்லரின் முன்பக்கம், பானைகளுக்கு நடுவே, நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களைத் தாண்டிப்போன பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, “அந்தப் பெரிய பானை இன்னா வெலை?” என்று என்னைக் காட்டிக் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அவன் நாசமாய்ப் போக என்று நான் வாழ்த்தி முடிப்பதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.

பாதி மலை ஏறியிருப்போம். ஏற்றத்தில் அடியிலிருந்த கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சரிந்துவிட்டன. மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள் பின்பாரம் என்பார்களே, அதுதான். டிரெய்லரின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ள, அது பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புழுதியைக் கிளப்பியது. ஒரு மணி அடித்தேன். அடித்த கணத்தில் நின்றார்.

“எறங்கி வந்து கல்ல முன்னால தள்ளுங்க!” என்றேன்.

“பிரேக்குல காலு வெச்சிருக்கறவன் எழுந்துக்கக் கூடாது. நீயே தள்ளு.”

சக்கரத்துக்கு அடை கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க, தூக்க முடிந்த குழவிகளையெல்லாம் முன்னால் கொண்டுவந்து போட்டேன். அடையை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். போகலாம் என்று ரெண்டு மணி அடித்தேன்.

வண்டி பின்னால் இறங்கியது.

இன்ஜினுக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து மறுபடியும் ரெண்டு அடித்தேன். இன்னும் வேகமாக இறங்கியது. போ போ என்று ரெண்டு ரெண்டாக அடித்தேன். மனுஷர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! டிரெய்லர் கோணிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பியது. மேல்வரிசைப் பானைகள் உருண்டு சாலையில் விழுந்து நொறுங்கின. பயத்தில் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தவள் பிடியை விடவில்லை. ஒரே மணி. அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தேன். டிரெய்லரின் ஒரு சக்கரம் சாலை விளிம்பில் பாதியும் வெளியில் பாதியுமாக நின்றது. கீழே பொடிக்கல் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

எனக்குக் கோபம் வந்தால் ‘ங்க’ போய்விடும். “யோவ்! போன்னு மணி அடிச்சா பின்னால வர்றியே, கண்ணு அவிஞ்சா போச்சி?”

“எறக்குன்னு மணி அடிச்சிட்டு என்னிய கேக்கறியா? ரெண்டு மணின்னா எறக்கு!”

“எந்த ஊர்ல?”

“மைன்ல! நின்னுகினு கீறப்போ ஒண்ணு அடிச்சா ஏத்து. ஓடிகினு கீறப்போ ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டுன்னா எறக்கு. இதகூடவா சொல்லித் தரணும்?”

“நிக்கறதுக்கும் ஒண்ணு, போறதுக்கும் ஒண்ணா? எந்தப் புண்ணியவான்யா இத எழுதி வெச்சது?”

கத்திக்கொண்டே இறங்கப் போனேன். “எறங்காதே!” என்று அலறினார். நான் அதுவரை கேட்டிராத குரல். நான் இறங்கினால் முன்பாரம் குறைந்து வால் கீழே போய்விடும், டிரெய்லர் பிக்கப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். என் எடையைப் பற்றிப் பத்து வருஷமாகக் கேலி பேசிய மனுஷர் அன்றைக்கு அதை நம்பித்தான் நின்றார்.

“நானு திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா முடியாது. நீ சக்கரத்தப் பாத்து மணி அடி” என்றார்.

ஒன்று அடித்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி முன்னால் நகர்ந்தது. சக்கரம் மண்ணில் வழுக்கியது, ஒன்று அடித்தேன். நின்றது. என் மூச்சு நிற்பதற்குள் அது நின்றது. அடிக்க அடிக்க ஏற்றினார், அடிக்க அடிக்க நிறுத்தினார். இப்படியும் ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்பாரா என்று, அந்தப் பயத்திலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சக்கரம் முழுசாகச் சாலைக்கு வந்ததும் நான் அழுதுவிட்டேன்.

அவர் இறங்கி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையும் உதறிக்கொண்டிருந்தன. அதை மறைக்க பீடி பற்றவைக்கப் பார்த்தார், தீக்குச்சி நிற்கவில்லை. நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த மலையில் வண்டியை அப்படி மீட்டவரைப் பார்த்தபின் எனக்கு ஜெயிக்க மனசு வரவில்லை. “பானை போனா போவுதுங்க. கடைக்காரருகிட்ட நான் பேசறேன். நீங்க வேலைய உட்டுட்டு வண்டியே ஓட்டுங்க” என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். “வாணாம்மே. இத்தினி வருசத்துல என் கை ஒருவாட்டி நடுங்கினதில்ல. கயித்து முனையில யாரு கீறாங்கன்னு தெரியாது, மணிதான் தெரியும். இன்னிக்கி நீ கீறேன்னு தெரிஞ்சிபோச்சி. என்னால ஆவாது.”

மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரமே எதிர்வீட்டுத் தம்பி ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் வாசலில் நின்றார். அதே கேஜில் இறங்கி உள்ளே வேலை செய்கிறவர். “இன்னாக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ரெண்டு நாளா கேஜ் எறங்கறதே தெரியில. மாசமா கீற பொண்ண ரிக்சாவுல இட்னு போற மாதிரி இட்னு போறாரு. உள்ள எல்லாரும் சிரிக்கறாங்க.”

உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், “இன்னாங்க, கேஜ் ஊந்துகினு போவுதாமே?” என்றேன்.

தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “உள்ள ஆளு கீறாங்கமே” என்றார்.