மாமாவின் ஜன்னல் கம்பி

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்த ஜன்னல் கம்பியைப் பாரு. நேரா இருக்கா?"

மாமா வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன் இந்தப் பரீட்சைதான். கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே ஒரு கண்ணை மூடினார். "நேராத்தான் இருக்கு சார்."

"அடுத்த கண்ணு?"

"மொதல்ல இதை இறக்கிக்கிறேனே!"

இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நின்ற என்னிடமும் அவர் நலம் விசாரிக்கவில்லை. ஜன்னலைத்தான் காட்டினார்.

மாமாவுக்குக் கோடு போடும் தொழில். கார் நிறுத்துமிடம், கிடங்கு, விளையாட்டுத் தளம் என்று தரையில் எங்கே வெள்ளைக் கோடு வேண்டுமோ அங்கே போவார். அவருடைய தங்கை கணவர், அதாவது என் அப்பா, கூட்டாளி. சுண்ணப்பொடி தோய்த்த நூலை ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடிப்பார்கள். மாமா குனிந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் நூல் நெடுகப் பார்ப்பார். திருப்தியானால் நூலைத் தூக்கிச் சுண்டுவார். தரையில் விழும் சுண்ணத் தடத்தின் மேல் பெயின்ட் ஓடும். அவருக்கு இடது கண் மட்டும்தான் தனியாக மூடும். வலதை மூட முயன்றால் முகமே கோணிக்கொள்ளும். உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்.

நான் ஊரில் இல்லாதபோது, ஒரு பள்ளியின் கூடைப்பந்துத் தளத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நூல் தொய்கிறது என்றார் மாமா. "இழுத்த நூல் எப்படி மச்சான் வளையும்?" என்றார் அப்பா. "நீ இழுத்தாத்தானே!" என்று சொல்லி, விழுந்த தடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாமா தன் கண் சொன்னபடி கையாலேயே கோடு இழுத்தார். விளையாட்டு ஆசிரியர் வந்து பார்த்து, "பசங்க ஆடணுமா, நெளியணுமா?" என்று கேட்டாராம். அப்பா நூலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பாத்திரத்தில் குழம்பும் வார்த்தையில் சமாதானமுமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைந்தாள் அம்மா. குழம்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒருநாள் முகம் கழுவும்போது மாமாவின் இடது கண்ணில் சோப்பு பட்டது. அதை மூடிக்கொண்டு நிமிர்ந்தால், குளியலறை ஓடுகளின் கோடுகள் எல்லாம் நடுவில் புடைத்திருந்தன. பயந்துபோய்க் கண் டாக்டரிடம் ஓடினார்.

"வலது விழித்திரை மேல மெல்லிசா ஒரு ஜவ்வு படர்ந்து சுருங்கியிருக்கு. அதான் கோடு வளையுது," என்றார் டாக்டர், மெஷினில் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு. "வயசானவங்க நூறு பேரைப் பார்த்தா சில பேருக்காவது இருக்கும். நிறையப் பேருக்கு இருக்கிறதே தெரியாது. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணு இன்னொண்ணை ஈடுகட்டிடும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். சொல்ற நாள்ல வந்து காட்டுங்க."

மாமா அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாப்பிள்ளை, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்த ஜன்னல் கம்பியைப் பாரு."

அப்பா பார்த்தார். "நேராத்தான் இருக்கு."

"உனக்கு நேரா இருக்கு. எனக்கு வளைஞ்சிருக்கு. அன்னைக்கு நூலும் நேராத்தான் இருந்திருக்கு."

அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். நூற்றில் சில பேர் என்ற கணக்கையும் சொன்னார். அப்பா யோசித்தார். "வாழ்க்கையில மொதல் தடவையா ரேங்க்ல வந்திருக்கே மச்சான்."

சமையலறையில் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாளாம்.

"கண்ணு தப்பிச்சது இருக்கட்டும்மா," என்றார் மாமா என்னிடம். "உங்கப்பன் மேல தப்பில்லன்னு மெஷினே காட்டிக் குடுத்துச்சு பாரு, அதுக்குத்தான் கோயில் கட்டணும்." அந்த நன்றியில்தான் எல்லோரையும் ஜன்னல் முன் நிறுத்துகிறார். மாடி வீட்டு டீச்சருக்குக் கம்பி நெளிந்தது. டாக்டரும் அதே ஜவ்வுதான் என்றார். "நம்ம கட்சிக்கு ஆள் சேர்ந்தாச்சு!" என்று டீச்சருக்குக் காபி கொடுத்து வரவேற்றார் மாமா.

நேற்று அதே கூடைப்பந்துத் தளத்துக்கு, கோணல் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட இருவரும் போனார்கள். நானும் கூடப் போனேன். அப்பா மறுமுனையில் நூலை இழுத்துப் பிடித்து, "பாரு மச்சான்!" என்று கத்தினார். மாமா குனிந்தார். பழக்கத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு நொடி தயங்கினார். பிறகு வலது கண்ணையும் மூடிக்கொண்டு, நூலைத் தூக்கிச் சுண்டினார்.