பூதக்கண்ணாடியில் தெரிந்த முட்டை

மலத்தை டப்பியில் போட்டுக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்கிற உத்தியோகம் எனக்கு. இலங்கையில், பதுளையில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. போங்களேன், எனக்கென்ன! பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மதராசில் படித்துவிட்டு வந்த ஓர் அக்கா மைக்ராஸ்கோப்பில் கொக்கிப்புழு முட்டை தேடிக்கொண்டிருந்தார். டப்பிகளில் பெயர் எழுதத் தமிழ் தெரிந்த பெண் வேண்டும் என்றார். பாய்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"நாள் பூரா இதையே பாக்குறீங்களே, குமட்டலையாக்கா?"

"முதல்ல குமட்டிச்சு. அப்புறம் ஒரு முட்டை கண்ணுல பட்டுச்சு பாரு, சோறு தண்ணியே மறந்துபோச்சு," என்றார், கண்ணை எடுக்காமலே. "கழுத்து வலிக்கும். மழை இருட்டுல கண்ணு பூத்துப்போகும். ஆனா முட்டையப் பாத்துட்டா ஒரு ஆளுக்கு மருந்து கிடைச்சிரும்ல?"

அந்தத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு மருமகள் இருந்தாள். வெளுத்த முகம். கொஞ்சம் மேடு ஏறினாலே மூச்சு வாங்கும். கொழுந்துக்கூடை பாதிகூட நிறையாது. சோம்பேறி என்று கங்காணி ஏசுவார். மாமியாரோ அவளைக் கடல் தாண்டி ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக இருந்தாள். அங்கே அவளுக்கு யாருமில்லை. எல்லாம் புழு செய்கிற வேலை என்று நானும் அக்காவும் நம்பியிருந்தோம். அவள் டப்பியைப் பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை! அந்த வீட்டு டப்பிகள் எதிலுமே இல்லை.

எனக்குச் சந்தேகம் பற்றிக்கொண்டது. நேரே லயத்துக்குப் போனேன். "டப்பியில போட்டது யாரு?"

"நாந்தாங்க, எல்லாத்துலயும்," என்றாள் மாமியார், பெருமையாக. "ஒரே உலைச் சோத்தத் திங்கிற வீட்டுல ஆளுக்கொண்ணு எதுக்குங்க? மருமக வேற வெக்கப்பட்டுச்சு. பெரியவ நான் இருக்கேன்ல?"

அடக் கடவுளே! சிரிப்பதா, அவளைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் மருமகளிடமே டப்பியை வாங்கிக்கொண்டு ஓடினேன். மழைச் சேற்றில் வழுக்கி விழுந்தேன். டப்பியை மட்டும் விடவில்லை.

அக்கா கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, திருகினார். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"வா, வா, வந்து பாரு!"

பார்த்தேன். வெந்த ஜவ்வரிசி மாதிரி, மெல்லிய ஓட்டுக்குள்ளே முட்டைகள், அங்கேயும் இங்கேயும்! நான் போட்ட கூச்சலில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

மாமியாரையும் மருமகளையும் கூப்பிட்டனுப்பிக் காட்டினோம். மாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மருமகள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதப் போட்ட புழுதான் உன் ரத்தத்தக் குடிக்குது," என்றார் அக்கா. "மருந்து சாப்பிட்டா போயிரும். கூடையும் நிறையும்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப, நான் சோம்பேறி இல்லீங்களா?"

"இல்லடி ஆத்தா, இல்ல!" என்று கத்தியது நாங்கள் இருவருமல்ல, மாமியார்.