மங்குகள் கட்டிய சைக்கிள் சக்கரம்

தொண்ணூறுகள்ல மார்புப் புத்துநோய்க்கு மலாக்காவுல ஆபரேஷன் முடிஞ்சு, ஜாசின் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். வந்த அன்னையிலிருந்து எல்லாரும் என்னை உட்கார வெச்சிட்டாங்க. "கையத் தூக்காத, வெயில்ல போகாத, சும்மா இரு லா." இருபது வருஷம் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுன கை, எப்படிச் சும்மா இருக்கும்? நோய் திரும்ப வருமான்னு டாக்டருக்கே தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒரு செக்கப். அதுக்கு அப்பால உள்ள நாளை நினைக்கிறதையே நான் விட்டுட்டேன். தீபாவளிக்குப் புடவை எடுக்கலாமான்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு, "யாருக்கு?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அந்தச் சமயம் தோட்டத்துல ரப்பர் மரங்களைச் சாய்ச்சிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டாங்க. பால் பிடிக்கிற பிளாஸ்டிக் மங்குங்க மூட்டை மூட்டையா கேப்பாரத்துக் கிடந்துச்சு. எட்டு மங்கை எடுத்து ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைச் சுத்திக் கம்பியால கட்டினேன். கொல்லையில கம்பம் நட்டு, சக்கரத்தை அது மேல படுக்க வெச்சேன். காத்துல சுத்தணும், அவ்வளவுதான் ஆசை. வீட்டுல எல்லாமே நின்னுபோச்சு, ஒண்ணாவது ஓடட்டுமே!

மூணு நாள் காத்து அடிச்சுது. சக்கரம் அசையல. பேரிங்கைக் குறை சொன்னேன், காத்தைத் திட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"ஏ புள்ள, எல்லா மங்கும் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. பாலா வடியப் போவுது?"

ச்சே! மங்கைத் தொட்டாலே வாயை மேல பார்க்க வைக்கிறது கைப்பழக்கம், பால் சிந்திடக்கூடாதே. ஒவ்வொண்ணா அவுத்து, வாயைப் பக்கவாட்டுல வெச்சு, ஒண்ணை ஒண்ணு துரத்துற மாதிரி கட்டினேன். கடைசி முடிச்சு போடறதுக்குள்ள சக்கரம் என் கையை விட்டு ஓடிச்சு. நோய்க்கு அழாதவ அன்னைக்கு அழுதேன்.

அப்புறம் கை நிக்கல. தகரத்துல மீன் வெட்டி, காத்தடிச்சா வால் ஆடுற மாதிரி கோத்தேன். உம்பாய்ங்கிற ஊர்ல கடலோரத்துல சாப்பாட்டுக் கடை வெச்சிருந்த மலாய்க்கார அம்மா ஒருத்தங்க, மக்சிக்னுதான் கூப்பிடுவோம், அதைக் கேட்டு வாங்கி, கடை வாசல்ல நிறுத்தினாங்க. நாங்க ரெண்டு பேரும் பார்க்கப் போயிருந்தப்போ, இதைவிடப் பெருசா, ஒரு கூட்டம் மீனே நீந்துற மாதிரி செய்ய முடியுமான்னு கேட்டாங்க.

"அது பெரிய வேலை மக்சிக். அடுத்த வருஷம் தரேன்"னேன்.

என் வீட்டுக்காரர் சட்டுனு திரும்பி என்னைப் பார்த்தாரு. அவர் கண்ணு கலங்கினப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது.

"என்னா பார்க்குறீங்க? கிளம்புங்க, தகரம் பார்க்கணும்"னு அவரை விரட்டினேன்.