அத்திக்கும் பசலைக்கும் நடுவே ஒரு சுவர்

வீட்டுத் தோட்டத்துக்கு அத்தி நல்லதா, கொடிப்பசலை நல்லதா என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். முன்பு அப்படியில்லை. அத்தியின் பக்கம் நின்று அரை மணி நேரம் பேசுவேன். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன்.

நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதைத் தோட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு கார் நிறுத்தலாம், கதவைத் திறந்து இறங்க முடியாது. அதன் கோடியில் ஆளுயரத்துக்கு மேலே ஹாலோ பிளாக் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் யூனிட். ஏழு வருடத்துக்கு முன், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நான் ஒரு நாட்டு அத்திக் கன்றை நட்டேன். இரண்டடி போதுமா என்று மனைவி கேட்டாள். மரம் மேலேதானே போகிறது, பக்கவாட்டில் ஏன் வரப்போகிறது என்று அவளுக்கு விளக்கினேன். மரங்களைப் பற்றி எனக்கு இருந்த அறிவு மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அவள் நட்டது பசலை. நட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, மிஞ்சிய தண்டைச் சுவரோரம் குத்தி வைத்தாள். பனியன் கம்பெனி வேஸ்ட் துணியில் முறுக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மாதத்தில் அது சுவரின் தலைக்கு ஏறிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பருப்போடு கடைந்தாள். மழை பெய்தால் அந்தத் தடித்த இலையில் பஜ்ஜி போட்டாள். என் அத்தி ஐந்தாம் வருடம்தான் பழுத்தது. சொந்தக்காரர்கள் வந்திருந்த நாளாகப் பார்த்து முதல் பழத்தை நடுக்கூடத்தில் பிளந்தேன். உள்ளேயிருந்து பூச்சிகள் பறந்தன.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. பழத்துல எல்லாச் சத்தும் இருக்குது, கறி கூட இருக்குது" என்றாள் மனைவி.

போன ஆடி மாதம், காற்றில் அத்தி ஆடிக்கொண்டிருந்த ஒரு காலையில், சுவரில் ஒரு கோட்டைப் பார்த்தேன். மேலிருந்து கீழே, நூல் கனத்தில். பென்சில் கோடு என்று நினைத்து விரலால் அழித்தேன். அழியவில்லை. நகம் உள்ளே போனது.

நான் பிறவியிலேயே பயந்தவன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் லிஃப்டில் துணி ரோல்கள்தான் போகும், நான் படியேறிப் போய் மூன்றாம் மாடியில் அவற்றை வரவேற்பேன். ஆனால் அன்று வந்தது வேறு பயம். அத்தியின் நிழல் பாதி அந்தப் பக்கம் விழுகிறது. ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் தையல் பெண்கள் ஏழெட்டுப் பேர் டிபன் டப்பாவோடு அந்த நிழலுக்கு வருவார்கள். காலை நீட்டி, சரியாக அந்தக் கோட்டுக்குப் பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்வார்கள். அவர்கள் சிரிப்பது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சுவர் விழுந்துவிடுமோ என்ற பயத்தைவிட, இரண்டடி போதுமா என்று மனைவி கேட்டது சரியாகிவிடுமோ என்ற பயம் அப்போது பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிட மரியாதையான காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு விஞ்ஞான வேலை செய்தேன். விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டி வைப்பார்கள், விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழிந்து காட்டிக்கொடுக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். காகிதம் மழையில் ஊறிப்போகுமே என்று என் மூளை ஒரு படி மேலே யோசித்தது. சட்டைப் பையில் ஒரு துண்டு ரிப் துணி இருந்தது. டீ-ஷர்ட்டின் கழுத்தில் வைத்துத் தைக்கிற துணி. சீப்புப் பல் மாதிரி நெருக்கமான வரிகள் ஓடும். அதன் இரண்டு ஓரத்திலும் பசை தடவி, விரிசலுக்குக் குறுக்கே அழுத்தி ஒட்டினேன்.

பிறகு பசலைக்கொடியின் நுனியைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். பசலையின் பரம எதிரியான நான் தினம் அதன் நுனியைக் கயிற்றில் சுற்றிவிடுவதைப் பார்த்து, மனுஷன் திருந்திவிட்டான் என்று மனைவி நினைத்தாள். பத்து நாளில் விரிசல் இலைக்குள் மறைந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டே இலையைத் தூக்கிப் பார்ப்பேன். துணி கிழிந்திருக்காது. அன்றைய பயம் அதோடு தீர்ந்தது என்று வேலைக்குப் போவேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் இப்படியே போயின. மழையும் வந்தது. துணி கிழியவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், கம்பெனியில். என் வேலை துணி செக்கிங். இருபத்திரண்டு வருடமாக, ஓட்டை இருக்கிறதா, ஊசி விட்டுக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறவன். அன்று ரிப் ரோல் வந்திருந்தது. ரிப்புக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும், விட்டால் பழைய இடத்துக்கு வர வேண்டும். ஒரு சாண் துணி ஒன்றரைச் சாணுக்கு விரிந்தது. வரிகள் அகன்று அகன்று, நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

காலையில் சுவரில் பார்த்த துணி ஞாபகம் வந்தது. அதிலும் வரிகள் இப்படித்தான் அகன்றிருந்தன.

ரிப் கிழியாது. தலை நுழைவதற்காகவே பின்னுகிற துணி அது, எவ்வளவு இழுத்தாலும் விரிந்து கொடுக்கும். எங்கள் பனியன் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். நான்கு மாதமாகக் கிழியாததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மணி பன்னிரண்டே முக்கால். சூப்பர்வைசரிடம் வயிறு சரியில்லை என்றேன்.  வண்டியை எடுத்தேன். வழியில் வேஸ்ட் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன்.  எப்போதும் வாயில் வருகிற கிண்டல் ஒன்றும் வரவில்லை, ஒரு மணி ஆகக்கூடாது என்பது மட்டும்தான் ஓடியது.

ஒரு மணி ஆகிவிட்டது. யூனிட் கேட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் சுவரில் சாய்ந்து டப்பாவைத் திறந்திருந்தார்கள். தலைக்கு மேலே என் அத்தி.

சுவர் விழப்போகிறது, எழுந்திருங்கள் என்றேன். சிரித்தார்கள். குற்றம் என்னுடையது. முன்பு ஒருமுறை எங்கள் பக்கமிருந்து குரலை மாற்றி, துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஆடிட்டுக்கு வந்துவிட்டார் என்று கத்தி, பாதிச் சோற்றில் அவர்களை ஓட வைத்தவன் நான். இன்னொரு முறை பாம்பு.

அவர்களில் மூத்தவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். "இன்னைக்கு சுவராண்ணே? விழட்டும், அரை நாள் லீவாச்சும் விடுவாக" என்றார்.

உள்ளூர்ப் பெண் ஒருத்தி, "ரசம் ஊத்தியாச்சுங்க அண்ணா. உண்டு போட்டு வாறோம், அதுக்கப்பறம் விழச் சொல்லுங்க" என்றாள்.

 வாயைத் திறந்தால் அதுவும் அவர்களுக்கு நடிப்பாகத் தெரிந்தது, இன்னும் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவே சுவரோரம் அடுக்கியிருந்த கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளைப் பிடித்து இழுத்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது மூட்டைக்குப் பின்னால் அது இருந்தது. இந்தப் பக்கத்தில் அது கோடு இல்லை, பிளவு. அடியில் என் மணிக்கட்டுக் கனத்தில் வேர் ஒன்று பிளாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

மூத்தவர் சோற்றுக் கையைத் தண்ணீரில் அலம்பிவிட்டுப் பக்கத்தில் வந்தார். பிளவுக்குள் கையை விட்டார். கை உள்ளே போனது. மெதுவாக எடுத்தார். 

"எந்திரிங்கடி" என்றார்.

எழுந்தார்கள். ஒருத்தி சாப்பாட்டை அங்கேயே விட்டுவிட்டாள், எடுக்கத் திரும்பியவளை மூத்தவர்தான் போகவிடாமல் பிடித்துக்கொண்டார்.

யூனிட் முதலாளி கொத்தனாரை வரவழைத்தார். மூன்று மணிக்கு வந்து எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் இரண்டையும் சுற்றிப் பார்த்தார் கொத்தனார். மனைவியும் நானும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளுக்குள் எனக்கு ஒரு கேவலமான ஆசை, பசலையைச் சொல்லிவிட மாட்டாரா என்று.

"மரம் தள்ளுதுங்க. கீரைக்கு நித்தம் ஊத்துன தண்ணியில கடைக்கால் மண்ணு எளகிப்போச்சு. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் நின்னிருக்கும்" என்றார்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கமிருந்து கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தினார். சுவர் அசைந்தது. இரண்டாவது குத்துக்கு, பசலைக்கொடியையும் இழுத்துக்கொண்டு, நாலு ஆள் படுக்கிற நீளத்துக்கு அந்தப் பக்கம் அப்படியே சாய்ந்தது.  தூசி அடங்கியபோது ஒரு டிபன் மூடி மட்டும் பிளாக்குக்கு வெளியே தெரிந்தது. ஒவ்வொருத்தி உட்கார்ந்திருந்த இடமும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று கூடத் தப்பவில்லை.

சுவர் இல்லாததால் மூத்தவர் நேரே என் எதிரில் நின்றிருந்தார்.

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்ணே?"

சிரிக்கிற மாதிரி ஒரு பதில் நாக்கில் வந்தது. எனக்கு எப்போதும் வரும். அதை விழுங்கினேன்.

"ஆடியிலிருந்துங்க" என்றேன்.

 அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். குனிந்து, பிளாக்குக்கு அடியிலிருந்து பசலைத் தண்டு ஒன்றை உருவினாள்.

அத்தியை வெட்டியாயிற்று. புதுச் சுவர் எழும்பிவிட்டது. அந்தப் பசலைத் தண்டை மனைவி மொட்டை மாடியில் பக்கெட்டில் குத்தி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்கள் இப்போது கேட்டுப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழே சாப்பிடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் பழையபடி ஏதாவது சொல்வேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். மூத்தவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சிரிப்பார்.