ஹெரால்டு பார்க்க வந்தவர்கள்

என் மாமா குமரகுரு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவர் அல்ல. முப்பத்தோரு வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மெக்கானிக்காக இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டி சத்தீஸ்கர், ஒடிசா என்று போர் போட்டுக்கொண்டே போகும். மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்பும். பெண் பார்க்க நாள் குறித்தால் வண்டி எங்கேயாவது காட்டில் நிற்கும். இரண்டு இடம் அப்படித் தட்டிப்போனது. மூன்றாவது இடத்தில், "மாப்பிள்ளையப் போட்டோவுலதான் பாக்கோணுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் அம்மாவும் தம்பிக்காக இடம் தேடுவதை விட்டுவிட்டாள்.

அப்படி ஊர் வந்திருந்த ஒரு மழைக்காலத்தில், சங்ககிரியில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டிலிருந்து அறுபத்தைந்தாம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை இழுத்து வந்தார். இரண்டு கதவு வண்டி. கூரை இற்றுப் போயிருந்தது. அதை அறுத்தெடுத்துவிட்டு, பின்சீட்டையும் கழற்றி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார். ஓடாத பழைய இன்ஜினை இறக்கி, கவிழ்ந்துபோன ஒரு ஜிப்சி ஜீப்பின் இன்ஜினைக் கியர்பாக்ஸோடு ஏற்றினார். நான் அப்போது ஒன்பதாவது. பழைய இன்ஜினைக் கயிறு கட்டி, நானும் அவருமாகக் கிணற்று மோட்டார் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டோம்.

இப்போது மாமாவுக்கு அறுபத்து மூன்று. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டத்தில் தனி வீடு. அம்மா போனபிறகு அவருக்கு நான்தான், நானோ டப்ளினில். போன வருடம் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அந்தக் காலோடு கிளட்ச் மிதித்துக்கொண்டு பைபாஸில் ஏறிவிடுவாரோ என்று எனக்கு இங்கே தூக்கம் வராது. விற்றுவிடுங்கள் என்று நான்கு மாதம் நச்சரித்தேன்.

"சரி சாமி, போட்டு உடு" என்றார் ஒருநாள்.

போட்டோக்களோடு இணையத்தில் விளம்பரம் போட்டு, அவருடைய நம்பரையும் என் நம்பரையும் கொடுத்தேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். நான் சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்பேன்.

"இன்னைக்கு யார் வந்தாங்க மாமா?"

"பள்ளிபாளையத்துல இருந்து ஒருத்தரு. பேப்பர் மில்லுல இருந்து ரிட்டேரானவரு. சம்சாரத்தோட வந்தாரு. போண்டா சுட்டேன். அந்தம்மா உப்புப் பத்தலைன்னுது."

"காரைப் பத்திக் கேட்டேன் மாமா."

"கார் புடிச்சுப்போச்சு. பானெட்ட அப்படியே முன்னால கவுத்துத் தொறந்து காட்டுனேன், மலைச்சுட்டாரு. இன்ஜின் நம்பரு ஆர்.சி. புக்கோட சேர்லையேன்னு யோசிக்கறாரு. அடுத்த வாரமும் வாரேன்னிருக்காரு."

ஐந்து மாதத்தில் பதினோரு பேர் வந்தார்கள். பள்ளிபாளையத்துக்காரர் மட்டும் மூன்று முறை. எல்லாரும் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பார்கள். மாமா இளநீர் வெட்டித் தந்திருக்கிறார்; ஈரோட்டிலிருந்து வந்த இளம் ஜோடியை வண்டியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார். போகும்போது எல்லாரும் அதே இன்ஜின் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பால் ஊற்ற வரும் உண்ணாமலை ஒருநாள் அவரைக் கேலி செய்தது எனக்குப் போனில் கேட்டது.

"ஏனுங்ண்ணா, வாரா வாரம் பொண்ணு பாக்க வாராங்க, போண்டா தின்னுட்டுப் போறாங்க. ஒருத்தராச்சும் பூ வெச்சுட்டுப் போறாங்களா?"

"நல்ல எடமா அமையோணுமில்ல" என்றார் மாமா. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பன்னிரண்டாவதாக விசாரித்தவர் பூபதி. கோயம்புத்தூர்க்காரர், பழைய கார்கள் ஏழெட்டு வைத்திருப்பவர். அவர் மாமாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி எனக்கு வேணுங்க. ஆனா பழைய இன்ஜின் இருந்தாத்தான் ஆகும். உங்க மாமா அது காயலான் கடைக்குப் போய் இருவது வருஷமாச்சுங்கறாரு."

இருக்கிற பொருளை இல்லை என்கிறாரே, மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயந்தேன். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது வரும் என்று எங்கோ படித்திருந்தேன். உடனே மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏஞ்சாமி, உங்கூர்ல காலண்டர் இல்லையா?"

"சும்மா சொல்லுங்க."

"வியாழன். சோறு தின்னியா நீ?"

கிழமை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனது ஆறவில்லை. அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டு நோகடிப்பானேன் என்று, பூபதியையே கூப்பிட்டுச் சொன்னேன்: "மாமா மறந்திருப்பாருங்க. இன்ஜின் மோட்டார் ரூம்லதான் இருக்கு. நானே இழுத்துப் போட்டது."

பூபதி ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே, காரை ஏற்றிப்போகும் லாரியோடு வந்துவிட்டார். வீடியோவில் என்னையும் சேர்த்துக்கொண்டு மோட்டார் ரூம் கதவைத் திறந்தார். மூலையில் சாக்கு மூட்டை. சாக்கை விலக்கித் துணியால் துடைத்ததும் நம்பர் தெரிந்தது. ஆர்.சி. புக்கில் இருந்த அதே நம்பர்.

"அட, இங்கதான் கெடக்குதா" என்றார் மாமா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன்ல" என்றேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

கையெழுத்து, சாவி, லாரியில் ஏற்றுவது என்று எல்லாம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

"மாவு கரைச்சு வெச்சிருக்கறனுங்க. நாலு போண்டா தின்னுட்டுப் போலாங்க" என்றார் மாமா.

"இல்லீங்க, வெயிலுக்கு முன்னால போய்ச் சேரோணும்" என்று பூபதி லாரியில் ஏறிக்கொண்டார்.

அன்று இரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பூபதி துடைத்தபோது துணியில் வந்த கிரீஸ் தேன் நிறத்தில் இருந்தது. இருபது வருடத்துக் கிரீஸ் அப்படி இருக்காது. கறுத்து இறுகிப் போயிருக்கும். மாமா எதையும் மறக்கவில்லை. அந்த இன்ஜினுக்குக் கிரீஸ் பூசி, சாக்கு சுற்றி, பத்திரமாக வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அது இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் நான்.

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆனால், "விளம்பரத்தை எடுத்துடறேன் மாமா, இனி ஆளுக தொந்தரவு இருக்காது" என்றேன்.

"இருக்கட்டும் சாமி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"வித்தாச்சே மாமா."

"கேக்கறவங்களுக்கு வித்துப்போச்சுன்னு சொல்லிக்கறேன். அதுல என்ன?"

விட்டுவைத்தேன். முதல் மாதம் ஒன்பது அழைப்பு வந்ததாகச் சொன்னார். "வித்துப்போச்சுன்னதும் டக்குனு வெச்சுப்போடறாங்க. ஓசூர்க்காரன் ஒருத்தன் மட்டும் எவ்வளவு வேகம் போகும்னு கேட்டான். சொன்னேன்." அடுத்த மாதம் மூன்று. பள்ளிபாளையத்துக்காரரை இவரே கூப்பிட்டிருக்கிறார். கார்தான் போயிடுச்சே, இனி எதற்கு அவ்வளவு தூரம் என்று அவர் சொன்னாராம்.

போன வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கெடு முடிந்து, விளம்பரம் தானாகவே நீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, "இந்த வாரம் ஒருத்தரும் கூப்புடுலை சாமி. மழை பேஞ்சுதில்ல, டவர் சரியில்லையாட்ட இருக்குது" என்றார்.

இருக்கும் மாமா என்றேன்.