கீதனின் அறையில் ஃபெரற்

மங்கையற்கரசியை எங்கள் மாடியில் யாருக்கும் பிடிக்காது. லிஃப்ற்றில் ஏறினால் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். உடுப்புத் தோய்க்கிற அறையில் மெஷின் நின்று கிடந்தால், அடுத்தவரின் துணியைத் தூக்கி மேசையில் எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் போடுவார். நான் வோபர்ன் தொடர்மாடிக்குக் குடிவந்த புதிதில், கேட்காமலே ஒரு சட்டி சொதியைக் கொண்டுவந்து என் வாசலில் நீட்டி, "சட்டியைக் கழுவித் தா" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகும்.

இரண்டு பேரும் ஒரே பாண் சுடுகிற பக்டரியில் வேலை செய்தோம். தனியாள் அவர், ஆனால் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கட்டினார். இரண்டாவது அறை மகன் கீதனுக்கு. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் டவுனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. மங்கையக்கா அவனுக்காக ஒரு கட்டிலும், மலிவு விற்பனையில் ஒரு குளிர் ஜாக்கெற்றும் வாங்கி வைத்திருந்தார். அவன் செத்துப்போனான் என்று எவராவது வாயெடுத்தால், அத்தோடு அந்த ஆளுடன் பேச்சு முடிந்தது.

அந்த அறைக்குத்தான் தொண்ணூற்றெட்டுக் கோடையில் ஃபெரற் என்கிற வளர்ப்புப் பிராணி வந்து சேர்ந்தது. மில்லிக்கனில் இருக்கிற அவரின் அண்ணன் ஜெயரட்ணத்தின் மகள் நிரூபா வளர்த்தது. அவள் ஒட்டாவாவுக்கு வேலைப் பயிற்சிக்குப் போக, "நாத்தம் பிடிச்ச சாமான் என்ர வீட்டில வேண்டாம்" என்று தகப்பன் கையை விரித்துவிட்டார். மாமி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். கூடவே ஒரு மூட்டை உலர்தீனியும், இதைத் தவிர ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்ற கட்டளையும். பெயர் பிஸ்கற். மங்கையக்கா அதைக் கீரி என்றே கூப்பிட்டார். பார்த்தால் கீரி மாதிரித்தான், நீளமாக, வெள்ளையாக, சிவப்புக் கண்ணோடு.

வந்த கிழமையே ஒரு மத்தியானம் கதவைத் தட்டினார். கையில் துவாய். அதற்குள் பிஸ்கற் தொங்கிக்கொண்டு கிடந்தது.

"செத்துப்போச்சு பேர்ணடெற். அந்தப் பெட்டைக்கு நான் என்ன சொல்லுறது?"

உலுப்பிப் பார்த்தோம். தலை ஒரு பக்கம் விழுந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். நான் வேதக்காரி, வாய்க்குள் ஒரு செபமும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அது பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு எங்களைப் பார்த்தது. ஃபெரற்றின் நித்திரையே அப்படித்தானாம். நாளில் முக்கால்வாசி படுக்கும், படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாது. மங்கையக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"செத்ததெண்டு கிடந்தது எழும்பினதைப் பாத்தியோ," என்றார். என்ன நினைத்துச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.

பிறகு இரண்டும் நல்ல சிநேகிதம். அது நாய் மாதிரி வாலாட்டிக் குழைவதில்லை, பூனை மாதிரி மடியில் சுருள்வதுமில்லை. முழித்திருக்கும் நேரமெல்லாம் விளையாட்டும் களவும்தான். சொக்ஸ், கரண்டி, மருந்துப் போத்தல், ஒன்றும் தப்பாது. எல்லாவற்றையும் கீதனின் கட்டிலுக்குக் கீழே இழுத்துப்போய் ஒளிக்கும். விளையாட வா என்றால் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளிப் பின்னே போய், கொக் கொக் என்று தொண்டைக்குள் சிரிக்கும். ஆளைப் பார்த்துத்தான் அந்த ஆட்டம் ஆடும்.

ஒருநாள் நான் போனபோது அது அந்த அறைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அறையில் ஆளில்லை. ஜன்னல் பக்கத்து மூலையைப் பார்த்து வாயைத் திறந்து துள்ளியது. பின்னே ஓடியது. திரும்பி நின்று, யாரோ துரத்தி வரக் காத்திருப்பதுபோல் பார்த்தது. திடீரென்று மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டியது, மங்கையக்கா கிச்சுகிச்சு மூட்டும்போது விழுவதுபோல. கொக் கொக் என்ற சத்தம் நிற்கவேயில்லை.

"ஆரோட விளையாடுது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

மங்கையக்காவின் முகம் கறுத்தது. "ஒருத்தரோடயும் இல்லை. உது விசர்க் கீரி." கதவை அடித்துச் சாத்தினார். அந்த மூலையில் கீதன் நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அதை அவர் வீட்டுக்குள் விடத் தயாரில்லை.

ஜெயரட்ணம் அண்ணை பிடித்தபிடியாக நின்றார். இரண்டு வருடமாகிவிட்டது, ஆத்மா அலையக் கூடாது, செத்தவனுக்குச் செய்கிற அந்தியேட்டி செய்ய வேண்டும் என்றார். தங்கை மறுத்தார். கடைசியில் ஓர் இணக்கம் கண்டார்கள். செத்த வீட்டில் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் செய்வது மாதிரி, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்தி வைப்பது. தொட்டிருந்தால் வந்து சாப்பிட்டான் என்று அர்த்தம், ஐயரைக் கூப்பிடலாம். தொடாவிட்டால் அண்ணை இனி வாய் திறக்கக் கூடாது.

"தொடாது," என்றார் மங்கையக்கா என்னிடம். "உயிரோட இருக்கிறவன் என்னெண்டு வந்து தின்னுறது?"

சனிக்கிழமை மத்தியானம். அறையில் வாழையிலை போட்டுச் சோறும், கத்தரிக்காய்ப் பால்கறியும், கோழிக்குழம்பும், அவித்த முட்டையும் வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். நாங்கள் மூவரும் ஹோலில் இருந்தோம். ரிவியையும் நிறுத்திவிட்டோம். உள்ளேயிருந்து ஒருமுறை கொக் கொக் என்று கேட்டதுபோல் இருந்தது. நான் மங்கையக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். இலையில் சோற்றின் ஒரு கரை இல்லை. பால்கறி இருந்த இடத்தில் மஞ்சள் ஈரம் மட்டும். கோழியும் முட்டையும் வைத்தபடி இருந்தன.

அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மங்கையக்கா அழவில்லை. அலுமாரியைத் திறந்தார், துணிகளைக் கிளறினார், கீதனின் ஜாக்கெற் கைக்குள் சுருண்டு நித்திரையாய்க் கிடந்த பிஸ்கற்றை இழுத்தெடுத்தார். கதவு சாத்தும்போது அது உள்ளே கிடந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

"இந்தா கள்ளன். உதுதான் திண்டது. என்ர பிள்ளை இல்லை."

சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்தார். வெள்ளை வாய், வெள்ளைத் தலைப்பு. மஞ்சள் எதுவும் ஒட்டவில்லை. அண்ணை பார்க்கவில்லை, கோபத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்தேன். மங்கையக்காவும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு மங்கையக்கா ஒரு வேலை தொடங்கினார். ஒவ்வொரு நாளும் பக்டரிக்குப் போகமுன் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, சோற்றைக் குழைத்து, சின்னத் தட்டில் பிஸ்கற்றின் முன்னே வைப்பார். அது வந்து மணந்து பார்க்கும். திரும்பிப் போய்விடும். உப்புக் குறைத்துப் பார்த்தார். உலர்தீனியை ஒளித்துவைத்துப் பட்டினி போட்டும் பார்த்தார். ஒருநாள் நான் உள்ளே போனபோது தரையில் இருந்துகொண்டு, விரலில் சோற்றை எடுத்து அதன் வாய்க்கு நேரே நீட்டியபடி இருந்தார்.

"தின்னு ராசா. அம்மாவுக்காக ஒரு வாய் தின்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மிருகம் ஒரு பருக்கை தின்றால் போதும், மகன் உயிரோடிருக்கிறான் என்று அவர் நம்பிவிடுவார். அதுவோ தலையைத் திருப்பி ஜன்னல் பக்கத்து மூலையைப் பார்த்தது.

மரங்கள் சிவக்கத் தொடங்கியபோது நிரூபா வந்தாள். தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமி, வட் இஸ் திஸ்? சோறோ? இது சோறு தின்னாது. மரக்கறியும் தின்னாது. ஒன்லி மீற்."

"தின்னும் பிள்ளை. ஒருநாள் திண்டது."

"நோ வே மாமி. அதின்ர வயிறே அப்பிடி இல்லை." குளிர்பெட்டியைத் திறந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்தாள். "இதுக்கெண்டா உயிரை விடும், பாருங்கோ."

முட்டையைத் தரையில் வைத்ததுதான் தாமதம், கட்டிலுக்குக் கீழிருந்து பிஸ்கற் பாய்ந்து வந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று தரையையும் நக்கியது. நிரூபா அதைத் தூக்கிக் கொஞ்சினாள். கூட்டில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மங்கையக்கா எழும்பி அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் ஜன்னல் பக்கத்து மூலைக்கு எதிரே கட்டிலில் இருந்து, வெகு நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குப் பசிச்சிருக்கிறான் போல," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணைக்குப் போன் எடு, பேர்ணடெற். ஐயரைக் கேக்கச் சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வராது."