கறிச்சோறு யார் ஆக்குவது?

எண்பதுகளில் கல்லுப்பட்டிப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பயிற்சி நடத்தினேன். மனைவியை அடிக்கிற ஆண்களை வாராவாரம் உட்காரவைத்துப் பேசி, அந்தப் பழக்கத்தை விடவைக்கும் கூட்டங்களைத் தங்கள் ஊரில் நடத்தப்போகிறவர்களுக்கான பயிற்சி. வந்தவர்கள் ஒன்பது பேர், பாய் எட்டுதான். அந்த ஒரு பாயை நினைத்து முதல் நாள் எனக்குப் பாடமே ஓடவில்லை.

அவர்களில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ஊரில் எந்தச் சண்டையையும் பேசித் தீர்த்துவிடுவார். அடித்தவனோடும் அப்படியே சமாதானம் பேசிச் சேர்த்துவைத்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை. மூன்றாவது வாரம் சிரித்தபடி வந்தார்.

"சார், ஒரு கேசு முடிஞ்சிருச்சு. என் தங்கச்சி முறைப் பொண்ணு ஒண்ணு. மாப்ள கையை முறுக்கி ஒடிச்சுப்புட்டாரு. கட்டுப் போட்டு அம்மா வீட்டுல கெடக்கு. ஞாயித்துக்கிழமை அங்க கறிச்சோறு. மாப்ள சாப்பிட்டுட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளைக்கு இலை போட்டுக் கறி பரிமாறிவிட்டால் சண்டை தீர்ந்தது. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"கோழியா, ஆடா?" என்றேன்.

"ஆடுதான் சார். மாப்ளைக்குல்ல!"

"எம்புட்டு?"

"ரெண்டு கிலோ."

"யாரு ஆக்குறா?"

"அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்தப் புள்ளதான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒத்தக் கையில எப்படிண்ணே அம்மி அரைக்கும்?" என்றார் பின்னால் இருந்தவர். வழக்கமாக அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துட்டேனே சார். என் பேச்சு என்னத்துக்காகும்?"

"அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?"

சைக்கிள் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எட்டுப் பேருக்கு எட்டுப் பாய் சரியாக இருந்தது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. ஊரில் அவருக்கு அவமானமாகிவிடுமோ, அவர் திரும்பி வராமலே போய்விடுவாரோ, அந்தப் பெண்ணை எப்படியும் அனுப்பிவிடுவார்களோ என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வந்தார்.

"வரமாட்டேன்னு சொல்லிருச்சு சார். 'இப்பத்தான்ணே என்கிட்டக் கேக்குறீக'ன்னுச்சு. கறிச்சோத்தை நிறுத்திட்டேன். மாப்ள குதியாக் குதிச்சாரு. 'வியாழக்கெழமை நம்ம ஊருல கூட்டத்தை ஆரம்பிக்கிறேன், வாங்க, அங்க நான் மச்சானும் இல்ல, நீங்க மாப்ளையும் இல்ல'ன்னு சொல்லிப்புட்டேன்."

"வந்தாரா?"

"வந்தாரு. அம்புட்டு நேரமும் அந்தப் புள்ளையோட குறையத்தான் சொன்னாரு. 'அதை விடுங்க, நீங்க என்ன செஞ்சீக?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். கெளம்புறப்பத்தான், 'நான்தான் ஒடிச்சேன்'னு வாயத் தொறந்தாரு."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். 'ஒரு வாரம் போனாப் போதுமா? எத்தனை வாரம் போறாகன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், போதும்னா நானே சொல்றேன்'னுச்சு."

எண்ண ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அன்று சாயங்காலமே போய் இன்னொரு பாய் வாங்கினேன்.